கருவேலமரத்துக்கு மஞ்சள் துணி கட்டினோம்

சித்திரை வெயில். வற்றிய ஏரிக்குள் புதிதாகப் போட்டிருந்த சிமெண்ட் தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது. கம்பி வேலிக்கு உள்ளே ஒரு பெரிய கருவேலமரம். வேலிக்கு வெளியே எஸ்தர் அக்காவும் அவருடைய ஆடுகளும். நடுவில், கையில் விளக்குமாறோடு முனுசாமி.

மரத்தடி முழுக்கக் காய் உதிர்ந்து கிடந்தது. சாம்பல் வெள்ளை நிறத்தில், மணி கோத்தது போல ஒவ்வொரு விதைக்கும் இடையில் ஒடுங்கிய காய்கள். முனுசாமி அவற்றைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தார். புகை ஆடுகளின் முகத்தில் அடித்தது. அவை அப்போதும் நகரவில்லை. கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கத்தின.

"ஓட்டிக்கினு போம்மா. சாமி இருக்கிற எடம். ஆடு உள்ள வந்து புழுக்க போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் முனுசாமி.

எஸ்தர் அக்கா புகையைப் பார்த்தார். "கொளுத்தறத எனக்குக் குடேம்பா. கூடையில அள்ளிக்கினு போறேன். உள்ள வரல."

"சாமி மரத்துக் காய அப்டி எடுத்துத் தர முடியாதும்மா."

அந்த மரத்தைச் சாமி ஆக்கியதே எஸ்தர் அக்காதான். கூட நின்று துணிக்கு முடிச்சுப் போட்டவன் நான். நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் இந்த வாரம் வேறு ஏதோ எழுதுவதாக இருந்தேன். அந்தக் காய் கருகிய வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால் இது.

பட்டை உரித்த கை

பள்ளிக்கூடம் எனக்கு ஏழாம் வகுப்போடு சரி. மரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கூலி வேலையில் தெரிந்துகொண்டதுதான்.

நீலகிரியில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சீகை மரத்துப் பட்டை உரித்தேன். வாட்டில் என்று எஸ்டேட்காரர்கள் சொல்வார்கள். எங்கோ கடல் கடந்து கொண்டுவந்து நட்ட மரம். கத்தியால் ஒரு கீறல் போட்டு, நகத்தைக் கொடுத்து இழுத்தால் நீளமாக உரிந்து வரும். அந்தத் துவர்ப்பு விரலுக்குள் ஏறிவிடும். சோற்றைப் பிசைந்தால் சோறும் துவர்க்கும். அட்டை கடித்த இடத்தில் அந்தக் கையை வைத்தால் ரத்தம் நின்றுபோகும். மருந்துக்கு என்று தனியாக எதுவும் அங்கே கிடையாது.

அந்தப் பட்டை லாரியேறி ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புகளுக்குப் போகும். ஒரு முறை நானும் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு வந்துவிட்டேன். மலையில் குளிர் தாங்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

தோல் ஷாப்பில் எனக்கு மேஸ்திரியாக இருந்த பாய்தான் சொன்னார், மலைப்பட்டை வருவதற்கு முன்னால் இங்கே ஆவாரம்பட்டையும் கருவேலம்பட்டையும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள் என்று. சீகையும் கருவேலமும் பங்காளிகள். இரண்டுக்கும் சீப்புப் பல் மாதிரி நுணுக்கமான இலை, இரண்டுக்கும் பட்டையில் துவர்ப்பு, இரண்டிலும் பூ உருண்டை உருண்டையாகப் பூக்கும். சீகைக்கு முள் இல்லை. கருவேலத்துக்கு உண்டு. இலை பிரியும் இடத்தில் ஜோடி ஜோடியாக வெள்ளை ஊசிகள். மரம் வயதாக ஆக முள் குறைந்துவிடும். உயரம் போனபிறகு யாரும் கடிக்க வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரியும்போல.

சீமைக்கருவேலம் என்பது முற்றிலும் வேறு. எல்லோரும் திட்டுகிறார்களே, அது. அதன் பூ உருண்டை அல்ல. விரல் நீளத்துக்குத் தொங்கும், பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில். காய் வைக்கோல் நிறம், மணி மணியாக ஒடுங்காது. கருவேலத்தின் பட்டை கறுப்பு, நெடுக்க ஆழமாக வெடித்திருக்கும், விரலை உள்ளே விட்டுப் பார்க்கலாம். சீமையின் பட்டையில் அந்த ஆழம் கிடையாது. ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் இல்லை இது. கண் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்குள் நிற்பது

காஞ்சிபுரத்துக்கு நான் வந்து சேர்ந்தது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறை வேலைக்கு. பட்டு நூலைக் கொதிக்கும் தொட்டியில் முக்கிப் புரட்டும் வேலை. கை ஒரு வாரம் சிவப்பாக இருக்கும், ஒரு வாரம் பச்சையாக இருக்கும். பட்டறைக்கு அருகில் வாடகை கட்டுப்படியாகாது. ஏனாத்தூரைத் தாண்டி ஒரு காலனியில் அறை கிடைத்தது. ஊர்ப் பெயர் சொல்லப்போவதில்லை. அங்கே எல்லோரும் இன்னும் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும்.

எஸ்தர் அக்கா எதிர்வீடு. அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. அக்கா கொஞ்ச காலம் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை பார்த்தார். பிறகு மேற்பார்வையாளரின் வாய் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு ஆடு வாங்கினார். மகளை நர்ஸ் படிப்புப் படிக்கவைத்தது அந்த ஆடுகள்தான்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு பயம்தான். கோடை. பங்குனி வந்தால் புல் கிடையாது. வயலில் எதுவும் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் கருவேலம் காய் உதிர்க்கும். மற்ற மரங்கள் தூங்கும்போது இது மட்டும் சோறு போடும்.

எங்கள் ஏரிக்குள் கருவேலமரங்கள் கூட்டமாக நின்றன. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். மாசங்கணக்காக வேர் ஊறினாலும் அழுகாது. தண்ணீர் இருக்கும்வரை கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். கீழே நின்றால் எச்சம் சுண்ணாம்பு அடித்ததுபோலத் தலையில் விழும். தண்ணீர் வற்றியதும் பறவை போகும், ஆடு வரும். ஆடு காயைத் தின்னும், விதையை அசைபோடும்போது துப்பும், சிலது வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையோடு வரும். அப்படி வந்த விதைதான் சீக்கிரம் முளைக்கும். அக்கா ஆடு ஓட்டிப்போகும் வழியெல்லாம் கன்றாக இருக்கும்.

காலனியில் பல் துலக்குவது அந்தக் குச்சியில். ஈறு வீங்கினால் அந்தப் பட்டைக் கஷாயம். கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் பிடி அந்தக் கட்டை. கிளை கழித்தால் முள் வேலிக்கு ஆகும். கட்டியான பிசினை உடைத்து வாயில் போட்டு மெல்லுவார்கள், ருசி ஒன்றும் பெரிதாக இருக்காது, ஆனால் பசி கொஞ்சம் தள்ளிப்போகும். நான் பல நாள் தள்ளியிருக்கிறேன்.

பொக்லைன் வந்தது

சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம் என்று ஒரு நாள் பொக்லைன் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அந்தச் சீமை மரம் ஏரியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

சீமை முடிந்தது. மறுநாள் காலை வண்டி கருவேலத்தின் பக்கம் திரும்பியது. எஸ்தர் அக்கா ஆட்டை விட்டுவிட்டு ஓடினார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை, அதனால் பின்னாலேயே ஓடினேன்.

ஒப்பந்தக்காரரின் ஆளாக நின்றவன் ஒரு இளைஞன். மரியாதையாகப் பேசினான். அக்கா அவனிடம் இது வேறு மரம், நாட்டு மரம் என்று சொன்னார். பூ வேறு, காய் வேறு என்று ஒடித்துக் காட்டினார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"தெரியும்கா. எங்க வூட்டாண்ட கூட இருக்குது. ஏரிய க்ளீனா குடுக்கச் சொல்லிக்கிறாங்க. நான் இன்னா பண்றது?" என்றான்.

அன்று மத்தியானத்துக்குள் பாதி மரங்கள் விழுந்தன. பறவைக் கூடுகள் சேற்றில் கிடந்தன. அதைவிட வயிறு எரிந்தது லாரியைப் பார்த்தபோதுதான். இரண்டு லாரிகள் நின்றன. ஒன்றில் சீமைக்கட்டை, கரிக்கு. இன்னொன்றில் கருவேலங்கட்டை மட்டும், மரம் அறுக்கும் மில்லுக்கு. ஒரு கட்டைகூட மாறவில்லை. வெட்டும்போது தெரியாத வித்தியாசம் ஏற்றும்போது எப்படித் தெரிந்தது? இதைக் கேட்க நான் போன அரசு ஆபீஸில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை ஏரியில் மரம் இருக்காது என்று நான் சொன்னேன். அப்படியானால் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

முடிச்சு

திரும்பி வந்தபோது எஸ்தர் அக்கா கரையில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரியின் ஓரத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. யாரோ எப்போதோ மஞ்சள் துணி சுற்றி, ஒரு கல்லுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனது. பொக்லைன் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தானாம்.

"அத மட்டும் வுட்டுட்டான் பாத்தியா?" என்றார் அக்கா. பிறகு, "சின்ன காஞ்சிபுரம்தானே வேலைக்குப் போற. மஞ்சத் துணி எங்க விப்பாங்க?"

நான் அவர் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இயேசப்பா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. அவரையும் மரத்துலதான் அடிச்சாங்க. மரத்து அருமை அவருக்குத் தெரியும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பெருமாள் கோயில் பக்கத்துக் கடையில் மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சம்பழம். விடிந்ததும் இருவரும் ஏரிக்குள் இறங்கினோம். இருப்பதில் பெரிய மரமாகப் பார்த்து அக்கா துணியைச் சுற்றினார், நான் முடிந்தேன். எல்லா மரத்துக்கும் கட்டலாமே என்றேன். எல்லாத்துக்கும் கட்டினா எவனும் நம்ப மாட்டான் என்றார்.

டிரைவர் வந்தான். வண்டியை நிறுத்தினான். "இது எப்போலேர்ந்துக்கா?"

"எப்பவுமே இருக்குதுபா. நீதான் பாக்கல."

அவன் செருப்பைக் கழற்றினான். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு. அந்த ஒரு மரம் தப்பியது. மதகுப் பக்கம் நின்ற சில மரங்களும் தப்பின, வண்டியின் வாடகை நாள் முடிந்துபோனதால்.

சாமி வளர்ந்த கதை

அந்தக் கோடையில் ஆடுகள் மஞ்சள் துணிக்குக் கீழேயே படுத்துக் காய் தின்றன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். பிறகு ஒரு தொட்டில் தொங்கியது. பிறகு வளையல். முனுசாமி வந்தது அப்போதுதான். ஊரில் இரண்டு தறி போட்டு நெய்கிறவர். மகளுக்குப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. இந்த மரத்துக்கு வேண்டிக்கொண்டார், பிறந்துவிட்டது. அவரைக் கெட்டவர் என்று நான் எழுதினால் அது பொய். எனக்குக் காய்ச்சல் வந்து அறையில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர். நன்றிக்கடனாகத்தான் அவர் மரத்தைச் சுற்றி மேடை கட்டினார்.

மேடைக்குப் பிறகு தரை. தரைக்குப் பிறகு கம்பி வேலி. ஒரு கமிட்டி. தகரக் கொட்டகை போட ஒரு கிளை இடைஞ்சலாக இருந்தது, அதை வெட்டினார்கள். டியூப்லைட்டுக்கு ஆணி அடித்தார்கள். ஆணி அடித்த இடத்தில் பிசின் வடிந்தது. காயம் பட்டால் வடியும், அதுதான் அந்த மரத்தின் இயல்பு. அம்மன் கண்ணீர் என்று அதைப் பஞ்சில் தொட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். மரம் வலிக்கிறது என்று அழுதால் அதையும் பிரசாதம் ஆக்குகிற மனிதர்களை என்ன செய்வது? பறவை எச்சம் தகரத்தில் விழுகிறது என்று கூடு கட்டும் காலத்தில் பட்டாசு வெடித்தார்கள்.

வேர் மேல் சிமெண்ட். ஆறு மாசம் ஏரித் தண்ணீரில் நின்று அழுகாத மரம், தண்ணீர் இறங்க வழியில்லாமல் உச்சியில் காய ஆரம்பித்தது.

ஒரு சித்தர் ஊன்றிய கம்பு துளிர்த்துத்தான் இந்த மரம் ஆனதாம். கமிட்டியில் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில், ஏரிகளில் கருவேலம் நடும் அரசாங்கத் திட்டம் ஒன்று முன்பு வந்தது, அப்போது நட்டது இது. காலனி ஆட்கள்தான் கூலிக்குக் குழி தோண்டினார்கள். எஸ்தர் அக்காவின் அம்மாவும் அதில் ஒருவர்.

கமிட்டியில் கேட்கணும்

ஆரம்பத்தில் சொன்ன, போன வருஷத்துச் சித்திரை வெயிலுக்கு வருகிறேன்.

அக்கா ஆடுகளைக் கம்பியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. முனுசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி எந்தக் கடையில் வாங்கினேன், யார் சுற்றியது, எதற்காக என்று. அவர் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"நீ கட்டலப்பா. அம்மன்தான் உங்கள வுட்டுக் கட்டிக்கிறா," என்றார்.

நானும் சொல்லிப் பார்த்தேன். "சரிண்ணா, அப்டியே இருக்கட்டும். அப்போ சாமியே கூப்ட்டு வேல வாங்கின மனுசி இவங்க. கதவத் தொறந்து உள்ள வுடுங்க."

முனுசாமி அக்காவைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அது கமிட்டியில கேக்கணும்."

கமிட்டியில் கேட்க வேண்டியது ஆட்டைப் பற்றி அல்ல என்று அங்கே நின்ற மூவருக்கும் தெரியும். தெரு நாய் அந்த மேடையில் படுத்திருந்தது. அதற்கு எந்தக் கமிட்டியும் தேவைப்படவில்லை.

அக்கா தொரட்டிக் கோலை எடுத்தார். வேலியைத் தாண்டி வெளியே நீண்டிருந்த கிளையில் கொக்கியை மாட்டி உலுக்கினார். காய் கொட்டியது. ஆடுகள் தின்றன. முனுசாமி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், வேலிக்கு வெளியே நீண்ட கிளைகளையெல்லாம் கமிட்டி வெட்டியிருந்தது. மதகுப் பக்கத்து மரங்கள் சிறியவை. அத்தனை ஆட்டுக்கும் அவை போதவில்லை. அக்கா நல்ல பெட்டையாக நாலைந்தை நிறுத்திக்கொண்டு மற்றதைச் சந்தையில் விற்றார். கோடையில் விற்கிற ஆட்டுக்கு எலும்புக்குத்தான் விலை.

மதகுப் பக்கம்

இந்த வருஷம் தூர் வாருகிறோம் என்று மறுபடி வண்டி வந்தது. இந்த முறை மதகுப் பக்கம்.

நான் யாரும் சொல்லாமலே சின்ன காஞ்சிபுரம் போய் மஞ்சள் துணி வாங்கி வந்துவிட்டேன். அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கி, வெயிலுக்குத் தலையில் சுற்றிக்கொண்டார்.

"மரத்துக்குக்கா," என்றேன்.

"வேணாம்பா. மரமாவே இருக்கட்டும்." நடந்துகொண்டே சொன்னார். "மரமா இருந்தா வண்டிக்காரன் ஒருத்தன் கிட்டதான் சண்ட போடணும். சாமியா ஆக்கிட்டா ஊரு மொத்தத்துகிட்டயும் போடணும். எனக்குத் தெம்பு இல்ல."

மதகுக்கு நாங்கள் போனபோது காலனிப் பெண்கள் சிலர் முன்பே வந்திருந்தார்கள். அக்கா சொல்லி வைத்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர்க் குடம் எல்லாம் மரத்தடியில் இருந்தன. ஆடுகளை மரத்துக்கு மரம் கட்டிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் புதியவன். வண்டியை மரத்து நிழல் வரை கொண்டுவந்து நிறுத்தினான். அக்கா தலையில் இருந்த மஞ்சளைப் பார்த்ததும் அவன் கை செருப்பை நோக்கிப் போனது.

"இன்னாம்மா, சாமி மரமா?"

"இல்லபா. வெறும் மரம். என் ஆடு திங்கிற மரம்."

இப்படி ஒரு பதிலுக்கு யாரும் அவனைத் தயார் செய்து அனுப்பவில்லை. போனில் யாரையோ கூப்பிட்டான். அந்தப் பக்கம் இருந்தவர் வேறு யாரையோ கூப்பிடுவதாகச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் புகை எங்கள் பக்கம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. இன்று வெட்டாவிட்டால் நாளை வெட்டுவார்கள், நாளை நான் சாயத்தொட்டியில் நிற்பேன், இவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது.

எஸ்தர் அக்கா மட்டும் எழுந்து வண்டியின் அருகில் போனார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் பார்த்தோம். அவர் மேலே பார்த்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"கொஞ்சம் பின்னாடி எடுபா. நெழல்ல நிறுத்திக்கினு இருக்கிற. ஆடு படுக்கணும்."

அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான்.